துப்பாக்கி செய்த கைகள்



எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், தண்ணிக் குழாய வச்சுத் துப்பாக்கி செய்யலாமாம். எங்க அண்ணன் சொன்னாரு. நெசமா?" என்று கேட்டான். காட்டுப் பன்றிகள் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிவிட்டுப் போவதைப் பற்றி லயத்தில் பேச்சு நடந்திருக்கிறது. அதில் பிறந்த கேள்வி அது.

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் நினைவு பின்னோக்கிப் போய்விட்டது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். சைக்கிள் பழுது பார்ப்பார், ரேடியோவைத் திறந்து சரி செய்வார், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுப்பார். கெட்டிக்காரக் கைகள். பன்றி சுடுவதற்காக அவரும் ஒரு குழாயைத் துப்பாக்கி ஆக்கப் பார்த்தார். ஒரு மாலை நேரம் பெரிய சத்தம் கேட்டது. எங்கள் அப்பா ஓடிப் போனார். மாமாவின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பிறகு போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. அவர் பிள்ளைகள் இருவரும் அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னேன். ஆனால் "ஆபத்து, தொடாதே" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. மிஷின் இல்லாத காலத்தில் துப்பாக்கியை மனிதன் கையால்தானே செய்திருக்கிறான்? அவன் செய்தது வெடித்துச் சிதறாமல் இருந்தது எப்படி? கெட்டிக்காரரான எங்கள் மாமாவுக்குத் தெரியாத எதை அவன் தெரிந்து வைத்திருந்தான்? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நான் சொல்லப் போவது அமெரிக்காவின் பென்சில்வேனியா நாட்டுப்புறத்தில் 1700களில் செய்யப்பட்ட நெடுந்துப்பாக்கியைப் பற்றி. இப்போதுள்ள துப்பாக்கிக்குத் தோட்டாவைப் பின்பக்கம் போடுகிறார்கள். அந்தக் காலத் துப்பாக்கிக்கு அப்படி இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து, ஒரு கோலால் உள்ளே தள்ளிக் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்களில் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தார்கள். லங்காஸ்டர் என்ற ஊரைச் சுற்றி அவர்களுடைய பட்டறைகள் பெருகின. அவர்கள் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த வேட்டைத் துப்பாக்கி குட்டையானது, குழலின் துளை பெரியது. புதிய நாட்டில் அது ஒத்துவரவில்லை. காட்டுக்குள் மாதக்கணக்கில் திரியும் வேட்டைக்காரன் ஈயத்தையும் மருந்தையும் முதுகில் சுமந்துதான் போக வேண்டும். ஆகவே கொல்லர்கள் துளையைச் சிறிதாக்கினார்கள், குழலை நீளமாக்கினார்கள். நாற்பது அங்குலத்துக்கும் மேலான நீளம், அதாவது ஒரு மீட்டருக்கும் அதிகம்.

துளையைச் சிறிதாக்கினால் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.6 அங்குலக் குறுக்களவுள்ள குண்டு வார்த்தால் ஒரு ராத்தல் ஈயத்துக்கு ஏறத்தாழ 21 குண்டுகள் கிடைக்கும். 0.45 அங்குலமாகக் குறைத்தால் அதே ஒரு ராத்தலுக்கு ஏறத்தாழ 51 குண்டுகள். குறுக்களவைக் கால் பங்கு குறைத்தால் குண்டுகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. பட்டறைக்குள்ளும் கணக்குப் பாடம் இருக்கிறது பாருங்கள்.

இந்தத் துப்பாக்கியின் இன்னொரு சிறப்பு குழலுக்கு உள்ளே இருக்கிறது. அந்நாளில் சிப்பாய்கள் வைத்திருந்த மஸ்கெட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து வெளிவரும் குண்டு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. எண்பது, நூறு கெஜம் தாண்டினால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது கடினம். நெடுந்துப்பாக்கியின் குழலுக்கு உள்ளே திருகாணியின் புரியைப் போல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். இப்படிப் பள்ளம் வெட்டிய துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர். குண்டை எண்ணெய் தடவிய சிறு துணியில் பொதிந்து கெட்டிப்பார்கள். மருந்து வெடித்துக் குண்டைத் தள்ளும்போது, துணி பள்ளத்தைப் பற்றிக்கொண்டு சுற்றும், குண்டும் சேர்ந்து சுற்றும். பம்பரம் சுற்றும் வரை சாயாமல் நிற்கிறது அல்லவா? அதுபோல, சுற்றிக்கொண்டு போகும் குண்டும் நேராகப் போகும். தேர்ந்த ஒருவன் கையில் அது 200 கெஜம் வரை குறி தவறாமல் அடிக்கும்.

இனி, இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம். துப்பாக்கிக்கு மூன்று பெரும் பாகங்கள் உண்டு. குழல் ஒன்று, நெருப்பு மூட்டும் விசை ஒன்று, இரண்டையும் தாங்கும் மரக்கட்டை ஒன்று. ஆங்கிலத்தில் 'முழுவதும், ஒன்று விடாமல்' என்பதற்கு 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்று சொல்வார்கள். விசை, கட்டை, குழல் என்ற இந்த மூன்றையும் குறிக்கும் சொற்கள்தாம் அவை.

முதலில் குழல். எங்கள் மாமா எடுத்துக்கொண்டது தண்ணீருக்காகச் செய்த குழாய். அதற்குத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கத்தான் தெரியும். துப்பாக்கிக் கொல்லனோ குழாயைத் தேடிப் போகவில்லை. அவன் எடுத்துக்கொண்டது தேனிரும்பில் ஆன, நீண்ட, தடித்த ஒரு பட்டை. அதை உலையில் காய்ச்சி, நீளவாக்கில் மெல்ல மெல்ல வளைத்து, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டினான். இப்போது அது விளிம்போடு விளிம்பு சேர்ந்த ஒரு சுருள். அந்த விளிம்புகளை ஒட்ட வேண்டும். இன்றுள்ளது போல் மின்சாரப் பற்றவைப்பு அப்போது இல்லை. இரும்பை வெண்மஞ்சளாக ஒளிரும் வரை காய்ச்சி, வெண்காரம் தூவி, சம்மட்டியால் அடித்து, இரும்பையும் இரும்பையும் ஒன்றாக்க வேண்டும்.

முழு நீளத்தையும் ஒரே சூட்டில் ஒட்ட முடியாது. ஒரு சூட்டுக்கு ஓரிரு அங்குலம்தான். குழலின் நடுவில் தொடங்கி இரு முனைகளையும் நோக்கிப் போவார்கள். உலையிலிருந்து எடுத்தவுடன் உள்ளே கம்பியைச் செருகி, ஒருவன் பிடிக்க, இன்னொருவன் அடிக்க வேண்டும். சில விநாடிகளுக்குள் கம்பியை உருவிவிட வேண்டும். தாமதித்தால் கம்பியும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடு குறைந்தால் ஒட்டாது. சூடு மிஞ்சினால் இரும்பே பொறி பறந்து எரிந்து வீணாகும். அந்தச் சூடு வந்துவிட்டதா என்று காட்டும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. கண்தான் கருவி. இரும்பின் நிறத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். வெயிலில் அந்த நிறம் சரியாகத் தெரியாது என்பதால் கொல்லன் தன் உலையை நிழலான இடத்தில் வைத்திருப்பான்.

இந்த ஒட்டில் ஓர் அங்குலம் பழுதானாலும் அது வெளியே தெரியாது. என்றைக்காவது சுடும்போதுதான் தெரியும். சுடுகிறவனின் முகம் அந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கும். இதை நினைத்துத்தான் கொல்லன் ஒவ்வொரு அடியையும் அடித்தான்.

ஒட்டிய குழலை எட்டுப் பட்டையாக அடித்து, பிறகு அரத்தால் அராவினார்கள். உள்துளை இன்னும் கரடுமுரடாக இருக்கும். நீண்ட தண்டின் முனையில் எஃகுத் துளைப்பானைப் பொருத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி அதைக் கடைந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகச் சிறிது பெரிய துளைப்பான்களைப் போட்டு, துளை ஒரே சீராக வரும் வரை கடைய வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு குழல் நேராக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உபாயம் வருகிறது. ஒரு நூலைக் குழலுக்குள் விட்டு, ஒரு மூங்கில் வில்லில் நாண் கட்டுவது போல இரு முனையிலும் இழுத்துக் கட்டுவார்கள். நூல் துளையின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தால், குழல் எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே நூலுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரியும். அந்த இடத்தில் சுத்தியால் மெல்லத் தட்டி நேராக்குவார்கள். குழலைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள். ஒரு முழம் நூல் இரண்டு காசு பெறாது. ஆனால் அதைக் கொண்டு மயிரிழை அளவு கோணலையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்தது சுற்றுப் பள்ளம் வெட்டுவது. இதற்கு ஒரு நீண்ட மரப் பலகை மேசை. அதில் ஒரு மர உருளை. உருளையின் மேல் திருகு போன்ற வழித்தடங்கள் வெட்டியிருக்கும். உருளையை முன்னும் பின்னும் தள்ளினால் அது தானாகவே திரும்பிக்கொண்டு போகும். ஏறத்தாழ நான்கு அடி போனால் ஒரு முழுச் சுற்று. உருளையோடு சேர்த்த மரத்தண்டின் முனையில் ஒரு சிறிய எஃகுப் பல். அந்தப் பல் குழலுக்குள் போய், திரும்பிக்கொண்டே ஒரு மெல்லிய இழையைச் சீவிக்கொண்டு வரும். ஒரு பள்ளத்தில் சில தடவை இழுத்தபின் மற்றொரு பள்ளம். பெரும்பாலும் ஏழு பள்ளங்கள் வெட்டுவார்கள்.

பல் ஒரு கட்டத்தில் இரும்பைச் சீவாமல் வழுக்கத் தொடங்கும். அப்போது அதைக் கழற்றி அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுவார்கள். காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு பல் உயரும், அவ்வளவு ஆழம் அடுத்த வெட்டில் இறங்கும். அதற்கு மேல் ஒரே தடவையில் ஆசைப்பட்டால் பல் உடையும், பள்ளம் கிழியும். இப்படிப் பல நூறு தடவை தள்ளி இழுத்தால்தான் ஒரு குழல் முடியும்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா இருபத்தேழு வருடம் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே பேரட்டுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் மரம் வெட்டுவார். பால்மரத்தில் வெட்டும் கோடும் மரத்தைச் சுற்றிச் சரிந்து இறங்குகிற கோடுதான். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில் போகும். கத்தி ஒவ்வொரு நாளும் மெல்லிய ஒரு சீவல்தான் எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம் படும், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். மரத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கனம் பட்டையை விட்டு வைக்க வேண்டும். அந்த ஒரு மில்லிமீட்டரை அப்பா எந்த அளவுகோலால் அளந்தார்? கையால்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், அரை இருட்டில் அளந்தார்.

ஆனால் அப்பாவிடம் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால், "சும்மா மரம் வெட்டுற வேலைதான் சார்" என்பார். அது ஒரு கலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அவர் இருக்கும்போது சொல்லவில்லை.

சரி, கொல்லனிடம் திரும்புவோம். பள்ளம் வெட்டிய குழலின் பின்முனையைத் திருகாணி போன்ற ஓர் இரும்பு அடைப்பால் இறுக மூடுவான். அதன் பிறகு ஒரு சோதனை உண்டு. வழக்கத்தைவிட அதிக மருந்தைக் கெட்டித்து, குழலை ஒரு மரத்துண்டில் கட்டிவைத்து, ஆட்கள் எல்லாம் விலகி நின்று வெடிக்கச் செய்வார்கள். ஒட்டு விட்டுப்போன குழலாக இருந்தால் அங்கேயே வெடித்துவிடும். நாள்கணக்கில் பட்ட பாடு வீணாகும், ஆனால் ஒருவருக்கும் விரல் போகாது. தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டுப் பார்ப்பதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதி.

அடுத்து நெருப்பு மூட்டும் விசை. சிறிய சுத்தி போன்ற ஒரு பாகம் தன் வாயில் ஒரு சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். விசையை இழுத்தால் அது பாய்ந்து முன்னால் நிற்கும் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து, கீழே சிறு கிண்ணியில் உள்ள மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: பொறி எதிலிருந்து வருகிறது? எல்லோரும் கல்லிலிருந்து என்பார்கள். இல்லை. கூரிய கல் எஃகைச் சுரண்டுகிறது. சுரண்டப்பட்ட எஃகுத் துணுக்குதான் காற்றில் எரிந்து பொறியாகிறது.

கல்லைக் கவ்விக்கொண்டு கொத்த வரும் அந்தச் சுத்தியை டச்சுக்காரர்கள் 'ஹான்' என்றார்கள். அதற்குச் சேவல் என்று பொருள். இந்த வகைத் துப்பாக்கிக்கு அவர்கள் மொழியில் 'ஸ்நாப்ஹான்' என்று பெயர். நாம் மலாய் மொழியில் தினமும் கேட்கும் 'செனாப்பாங்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். சேவல் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது.

இந்த விசைக்குள் உள்ள வில், அதாவது ஸ்பிரிங், செய்வது தனிக் கலை. எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் அது கெட்டியாகும், ஆனால் கண்ணாடி போல் உடையும். மறுபடியும் மெல்லச் சூடாக்க வேண்டும். எஃகின் மேல் முதலில் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு ஊதா, பிறகு நீலம். நீலம் தோன்றியதும் நிறுத்திவிட்டால் வளைந்தாலும் உடையாத வில் கிடைக்கும். ஒரு நிமிடம் கவனம் தவறினால் வில் தளர்ந்துவிடும். இவ்வளவு சிரமம் இருந்ததால் பல கொல்லர்கள் விசையை மட்டும் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரவழைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒருவனே செய்தான் என்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை.

கடைசியாகக் கட்டை. மேப்பிள் என்ற மரத்தை நன்றாக உலரவிட்டு எடுப்பார்கள். அதிலும் இழை அலையலையாக ஓடும் மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். குழலும் விசையும் நூல் அளவு இடைவெளிகூட இல்லாமல் மரத்துக்குள் பதிய வேண்டும். உலோகத்தில் விளக்குப் புகைக் கரியைத் தடவி மரத்தில் வைத்து எடுப்பார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார்கள். மறுபடியும் வைத்துப் பார்ப்பார்கள். கட்டையின் பக்கத்தில் எண்ணெய்த் துணி வைக்க ஒரு சிறு பெட்டி, அதற்குப் பித்தளை மூடி, அதில் பூவேலை. பல நூறு மணி நேர உழைப்புக்குப் பிறகு ஒரு துப்பாக்கி பட்டறையை விட்டு வெளியே போகும்.

அந்தத் துப்பாக்கி எங்கே போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது குடும்பத்துக்கு மான் இறைச்சி கொண்டுவந்தது. அதே துப்பாக்கி அந்தக் காடுகளின் பூர்வகுடி மக்களிடமிருந்து நிலம் பறிபோன போர்களிலும் இருந்தது. 1775ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அமெரிக்கப் பேராயம் பென்சில்வேனியாவிலிருந்து ஆறு, மேரிலாந்திலிருந்து இரண்டு, வர்ஜீனியாவிலிருந்து இரண்டு என்று பத்து ரைபிள் படைப்பிரிவுகளைத் திரட்டத் தீர்மானித்தது. 1777இல் நடந்த சரட்டோகா போரில் டேனியல் மோர்கனின் ரைபிள் வீரர்கள் பெயர் பெற்றார்கள். ஆயினும் கெட்டிக்க நேரம் அதிகமாகும் என்பதால் பெரும் படை மஸ்கெட்டையே வைத்திருந்தது.

இந்தத் தொழிலை யார், எப்படிக் கற்றார்கள்? பள்ளி அல்ல, பட்டறைதான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனை ஒரு கொல்லனிடம் விடுவார்கள். பெரும்பாலும் 21 வயது வரை அவன் அங்கேதான். முதலில் துருத்தி ஊதுவான், கரி அள்ளுவான், அரம் பிடிப்பான். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பையனை விடும்போது எழுதிய ஒப்பந்தங்கள் பலவற்றில், தொழிலோடு எழுத்தும் படிப்பும் கணக்கும் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கைவேலை படிக்காதவனுக்கு என்று அவர்கள் நினைக்கவில்லை. அளவும் கணக்கும் தெரியாதவன் நல்ல கொல்லனாக முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மிஷின் வந்தது. 1819ஆம் ஆண்டுவாக்கில் தாமஸ் பிளாஞ்சர்ட் என்பவர் துப்பாக்கிக் கட்டையைத் தானே கடையும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1820களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் ஜான் ஹால் என்பவர் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்கும் அப்படியே பொருந்துமாறு இயந்திரங்களால் செய்து காட்டினார். அதன் பின் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தன. நெடுந்துப்பாக்கிப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பையன்கள் வரவில்லை. கற்றுத்தர ஆள் இருந்தும் கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் ஒரு கலை ஒரே தலைமுறையில் மண்ணுக்குள் போய்விடும்.

இதை மீட்டெடுத்தவர்களும் உண்டு. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய தலைநகரை 1920களிலிருந்து பழைய கோலத்திலேயே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அங்கே 1960களில் வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் பழைய முறைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கிக் குழல், விசை, கட்டை அனைத்தையும் அவரே கையால் செய்வதை ஒரு படமாக எடுத்து 1969இல் வெளியிட்டார்கள். நூல் கட்டிய வில்லையும், காகிதம் செருகிய பல்லையும் அதில் பார்க்கலாம். பழைய துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கோடு எந்தக் கருவியால் வந்திருக்கும் என்று யோசித்து யோசித்து மீட்ட கலை அது. தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். "தண்ணிக் குழாயில துப்பாக்கி செய்யலாமா?" செய்யக் கூடாது. முதற்காரணம் சட்டம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட, சுடுகருவிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டமும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் துப்பாக்கி செய்தாலும் வைத்திருந்தாலும் நீண்ட காலச் சிறையும் பிரம்படியும் கிடைக்கும். பன்றித் தொல்லை இருந்தால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்பு இலாகாவான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். விளையாட்டாகக்கூட வீட்டில் யாரும் இதை முயலக் கூடாது.

இரண்டாவது காரணத்தைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மாமாவுக்குக் கை இருந்தது, துணிச்சல் இருந்தது. ஏழு வருடப் பயிற்சி இல்லை. தவற்றைச் சுட்டிக்காட்ட ஒரு குரு இல்லை. விலகி நின்று சோதிக்கும் பொறுமை இல்லை. கெட்டிக்காரத்தனம் வேறு, தொழிலறிவு வேறு. அந்த வித்தியாசத்துக்கு அவர் இரண்டு விரலைக் கொடுத்தார்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். அந்த மாணவனின் அப்பா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். "படிப்பு ஏறல டீச்சர். எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டே இருக்கான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். "அண்ணே, அவன் கழற்றுகிறது மட்டுமா, திரும்ப மாட்டுகிறானா?" என்று கேட்டேன். "அதெல்லாம் மாட்டிடுவான்" என்றார். "அப்படியானால் அதுவும் ஒரு படிப்பு" என்று சொன்னேன். இன்று அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன, தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பற்றவைப்பு, கடைசல், மின்சாரம், குளிர்சாதனம் என்று முறையாகப் படித்து, மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அதற்கும் கணக்கு வேண்டும், மொழி வேண்டும். அரத்தைப் பிடிக்கிற கை பென்சிலையும் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் மரம் வெட்டிய தாத்தா, பாட்டி இருந்தால், இந்த வாரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: காயம் படாமல் எப்படி வெட்டினீர்கள், கத்தியை எப்படித் தீட்டினீர்கள், எந்த மரம் பால் தரும் என்று எப்படிக் கண்டீர்கள் என்று. பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். என் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னேன். துப்பாக்கியைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன்தான் எல்லோரையும்விட அதிகமாக எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய பாட்டி கத்தி தீட்டும் விதத்தை மட்டும் ஒன்றரைப் பக்கம். கத்தியின் படமும் வரைந்திருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. கத்தி வாயின் வளைவு மட்டும் சரியாக இருந்தது.